சிங்கப்பூர், மலேசியா போய் வந்தபின் மிஞ்சிய நோட்டும் சில்லறையும்: என்ன செய்யலாம்?

தண்டையார்பேட்டை செல்வி:

அனைவருக்கும் வணக்கம். பிள்ளைகளின் கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு சிங்கப்பூரும் மலேசியாவும் போய்விட்டு வந்தோம். கையில் மிஞ்சியது: ஒரு 50 சிங்கப்பூர் டாலர் நோட்டு, இரண்டு 10 டாலர், மூன்று 2 டாலர், மலேசிய ரிங்கிட்டில் நூற்று முப்பது, அதோடு ஒரு சுருக்குப்பை நிறைய இரண்டு நாட்டுச் சில்லறை. நம் கணக்கில் ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் வரும். எங்களுக்கு அது சின்னத் தொகை இல்லை.

பீரோவில் வைத்துப் பூட்டு, அடுத்த முறைக்கு ஆகும் என்கிறார் என் மாமியார். அடுத்த முறை எப்போது என்று யாருக்கும் தெரியாது. பர்மா பஜார் பக்கம் தெரிந்தவர் ஒருவர் பில் எதுவும் இல்லாமல் கூடுதல் விலைக்கே வாங்கிக்கொள்வார் என்கிறார் கணவர். வங்கிக் கிளையில் கேட்டேன். ரிங்கிட் எடுப்பதே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள். சில்லறைக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

பெரம்பூர்வாசி:

அவசரப்பட்டு மாற்றாதீர்கள், சகோதரி. சிங்கப்பூர் டாலர் வருடா வருடம் நம் ரூபாய்க்கு எதிராக ஏறிக்கொண்டுதான் வருகிறது. பத்து வருடத்துக்கு முன் ஐம்பது ரூபாய்க்குக் கீழே இருந்தது. வைத்திருந்தால் நல்லதே.

பாரிமுனைக்காரன்:

வணக்கம் செல்வி அக்கா. பாரிமுனையில் உரிமம் பெற்ற பணமாற்று நிலையம் ஒன்றில் கவுன்டரில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் உங்களைப் போன்றவர்கள் கைப்பையைத் திறந்து கொட்டுவதைப் பார்க்கிறேன். எனக்குத் தெரிந்ததை முழுதாகச் சொல்கிறேன்.

முதலில் சட்டம். வெளிநாட்டிலிருந்து திரும்பியவர், செலவாகாமல் மிஞ்சிய அன்னியச் செலாவணியை 180 நாட்களுக்குள் வங்கியிலோ உரிமம் பெற்ற பணமாற்று நிலையத்திலோ ஒப்படைக்க வேண்டும். ஆனால் 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரையிலான நோட்டுகளைத் தாமே வைத்துக்கொள்ளலாம். நாணயங்களுக்கு உச்சவரம்பே கிடையாது. ஆகவே உங்களிடம் இருக்கும் தொகைக்கு எந்த அச்சமும் வேண்டாம். பீரோவில் வைத்தாலும் குற்றம் இல்லை.

அடுத்தது விலை. கூகுளில் பார்க்கும் விலை யாருக்கும் கிடைக்காது. அது நடுவிலை. எங்கள் பலகையில் இரண்டு விலை இருக்கும்: நாங்கள் உங்களுக்கு விற்கும் விலை, உங்களிடமிருந்து வாங்கும் விலை. நீங்கள் பார்க்க வேண்டியது வாங்கும் விலையை. அமெரிக்க டாலருக்கும் சிங்கப்பூர் டாலருக்கும் எப்போதும் ஆள் தேடி வருவார்கள் என்பதால் அவற்றில் இந்த இரண்டு விலைக்கும் இடைவெளி குறைவு. ரிங்கிட்டில் கொஞ்சம் கூடும். தாய்லாந்து பாத், இலங்கை ரூபாய் என்றால் இன்னும் கூடும், ஏனென்றால் அந்த நோட்டு எங்கள் பெட்டியில் வாரக்கணக்கில் தூங்கும். விமான நிலையத்துக் கவுன்டரைவிட நகருக்குள் இருக்கும் கடைகளில் பெரும்பாலும் நல்ல விலை கிடைக்கும்.

மூன்றாவது, பலர் கவனிக்காத ஜிஎஸ்டி. பணம் மாற்றும் சேவைக்கு வரி உண்டு. ஒரு லட்சம் ரூபாய் வரையிலான பரிமாற்றத்தில் தொகையில் 1 சதவீதத்தைச் சேவை மதிப்பாக எடுத்துக்கொண்டு அதன்மேல் 18 சதவீதம் போடுவோம். அந்தச் சேவை மதிப்பு 250 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்பது விதி. அதாவது நீங்கள் 400 ரூபாய் மதிப்புள்ள 20 ரிங்கிட்டை மட்டும் கொண்டுவந்தாலும் வரி 45 ரூபாய். 25,000 ரூபாய்க்குக் கொண்டுவந்தாலும் அதே 45 ரூபாய்தான். இன்று கொஞ்சம், அடுத்த வாரம் கொஞ்சம் என்று பிரித்துக் கொண்டுவருபவர்கள் அநியாயமாக இழக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொண்டுவாருங்கள். இரண்டு நாட்டுப் பணத்தையும் ஒரே பில்லில் போட முடியுமா என்று கேளுங்கள். "எல்லாம் போக என் கைக்கு எவ்வளவு வரும்?" என்ற ஒரே கேள்வியை இரண்டு மூன்று கடைகளில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பாஸ்போர்ட்டும் பான் அட்டையும் எடுத்து வாருங்கள். 1,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை ரொக்கமாகவே தருவோம். அதற்கு மேல் போனால் காசோலை அல்லது வங்கிக் கணக்கு. பணத்தோடு, மாற்றியதற்கான சான்றும் தருவோம். அதை வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள்.

அண்ணனிடம் தயவுசெய்து சொல்லுங்கள்: பில் இல்லாத இடத்துக்குப் போக வேண்டாம். ரிசர்வ் வங்கி உரிமத்தின் நகல் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் கொடுப்பது 1999ஆம் ஆண்டு அன்னியச் செலாவணிச் சட்டத்தின்படி தவறு. அபராதம் தொகையைப்போல் மூன்று மடங்கு வரை போகலாம். கிடைக்கும் கூடுதல் விலையோ நூறு ரூபாய் இருக்குமா?

தண்டையார்பேட்டை செல்வி:

தம்பி, மிக்க நன்றி. இந்த 45 ரூபாய்க் கணக்கை இதுவரை யாரும் சொல்லவில்லை. சில்லறையை நீங்கள் எடுப்பீர்களா?

பாரிமுனைக்காரன்:

எடுப்பதில்லை அக்கா. எந்த நாட்டுச் சில்லறையும் இங்கே விலைபோகாது. நோட்டை நாங்கள் மொத்த வியாபாரிக்கோ அந்த நாட்டுக்குப் போகும் பயணிக்கோ தள்ளிவிடலாம். நாணயத்தைத் திருப்பி அனுப்பும் செலவு அதன் மதிப்பைத் தின்றுவிடும்.

காசிமேடு கப்பலோடி:

சரக்குக் கப்பலில் வேலை. எங்களுக்குச் செலவுக்குத் துறைமுகத்தில் கைக்குத் தருவது அமெரிக்க டாலர் என்பதால் மிச்சம் எப்போதும் இருக்கும். தம்பி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நோட்டின் நிலை மிக முக்கியம். நம் ஊர் நோட்டைப்போல மடித்து, பின் அடித்து, மூலையில் கணக்கு எழுதி வைத்தால் கவுன்டரில் தள்ளிவிடுவார்கள். மை பட்ட டாலர், ஓரம் கிழிந்த டாலர் எதையும் வாங்க மாட்டார்கள். பழைய சிறிய தலை போட்ட 100 டாலர் நோட்டு அமெரிக்காவில் இன்றும் செல்லும். இங்கேயோ 2013இல் வந்த நீலப்பட்டை நோட்டைத்தான் கேட்கிறார்கள். 1, 5 டாலர் தாள்களுக்கு 100 டாலர் தாளைவிடக் குறைவான விலை போடும் கடைகளும் உண்டு. சட்டைப்பையில் வைத்துத் துவைத்துவிட்ட நோட்டோடு மல்லுக்கட்டி நின்ற கப்பல்காரர்கள் எத்தனையோ பேர். ஒரு பழைய புத்தகத்துக்குள் தட்டையாக வைத்துக் கொண்டுபோங்கள்.

மண்ணடி சகோதரி:

எங்கள் வீட்டில் மக்காவுக்கு உம்ரா புனிதப் பயணம் போய் வருகிறவர்கள் மிஞ்சிய சவூதி ரியாலை அடுத்துப் போகும் உறவினர் கையில் கொடுத்துவிடுவார்கள். அவர் அதற்கான ரூபாயைத் தந்துவிடுவார். யாருக்கும் நட்டமில்லை, கடைக்குக் கமிஷனும் இல்லை. எங்கள் தெருவில் தலைமுறையாக இப்படித்தான். செல்வி அக்காவுக்கும் சிங்கப்பூர் போகும் அக்கம்பக்கத்தார் யாராவது இருப்பார்கள் அல்லவா?

பாரிமுனைக்காரன்:

சகோதரி, நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் சட்டத்தின் 3ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது: அங்கீகாரம் பெற்றவரைத் தவிர வேறு யாரிடமும் அன்னியச் செலாவணியை வாங்கவோ விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ கூடாது. ரூபாய் வாங்கிக்கொண்டு ரியால் கொடுத்தால் அது விற்பனைதான். வாங்கிப் போகிறவருக்கும் இடர் உண்டு. கையில் இருக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று விமான நிலையத்தில் கேட்டால் அவரிடம் காட்ட ரசீது இருக்காது.

மண்ணடி சகோதரி:

தம்பி சொல்வது புரிகிறது. ஆனாலும் ஒரு வயதான மாமி, தன் தங்கை மக்கா போகும்போது இருபது ரியாலைக் கையில் வைத்து, "அங்கே ஜம்ஜம் பக்கம் உட்காரும் ஏழைக்குக் கொடு" என்று சொல்வதை வியாபாரம் என்று என்னால் பார்க்க முடியவில்லை. கைமாற்றி ரூபாய் வாங்குவதை இனி எங்கள் வீட்டில் நிறுத்தச் சொல்கிறேன். தர்மத்துக்காகக் கொடுத்து அனுப்புவதைப் பற்றி நான் வாதாட விரும்பவில்லை.

பெரம்பூர்வாசி:

எல்லோரும் மாற்றச் சொல்கிறீர்கள். 2,000 டாலர் மதிப்பு வரை வைத்துக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது. ரூபாய் சரிகிறது என்பது ஊரறிந்த உண்மை. பிறகு ஏன் விற்க வேண்டும்? தங்கத்தை வைத்திருப்பதில்லையா?

வியாசர்பாடி பெரியவர்:

தம்பி பெரம்பூர்வாசிக்கு எழுதுகிறேன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது பர்மாவின் ரங்கூனில். அப்பாவுக்கு அங்கே அரிசி, பருப்புக் கடை. 1962இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இரண்டு ஆண்டு கழித்துக் கடைகளை அரசுடைமை ஆக்கினார்கள். 1964ஆம் ஆண்டு மே 17ஆம் தேதி 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கடைக்காரர்கள் வீட்டில் சேமிப்பு என்றால் பெரிய நோட்டாகத்தான் இருக்கும். அம்மா அரிசிப் பானைக்கு அடியில் துணியில் சுற்றி வைத்திருந்தது அத்தனையும் 100 கியாட். அப்பா அந்தத் துணியை அவிழ்த்துத் தரையில் பரப்பி, ஒவ்வொரு நோட்டாக எண்ணி, மறுபடியும் அதே துணியில் சுற்றிக் கட்டினார். அந்த மூட்டையைக் கொண்டுபோய் ஒப்படைக்கும்வரை அவர் யாரிடமும் பேசவில்லை. பிறகு கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினோம். எங்களைப்போல் வந்தவர்கள்தாம் வியாசர்பாடியிலும் எண்ணூர் பர்மா நகரிலும் குடியேறினார்கள். 1969இல் ராஜாஜி சாலை ஓரத்தில் பர்மா பஜார் வந்தது எங்கள் மக்களின் பிழைப்புக்காகத்தான். அந்தப் பஜாரை வெறும் கள்ளப் பொருள் சந்தை என்று பேசுகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றும் அங்கே பக்கத்துத் தெருவில் சாயங்காலம் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கும் வண்டிகளின் முன் நிற்கும்போது என் நாக்கு ரங்கூனுக்குப் போய்விடுகிறது.

அங்கேயே தங்கிவிட்ட எங்கள் உறவினர்களுக்கு 1985இல் ஒரு முறை, 1987இல் இன்னொரு முறை இதே கதி. 1987இல் 25, 35, 75 கியாட் நோட்டுகள் போயின. மாற்றுப் பணமே தரவில்லை.

சிங்கப்பூரில் அப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. அது கட்டுக்கோப்பான நாடு. நான் சொல்வது வேறு. தங்கத்துக்கு அரசாங்கத்தின் கையெழுத்து வேண்டாம். எந்த ஊர்த் தட்டானும் உரசிப் பார்த்து விலை சொல்வான். நோட்டு என்பது அந்த நாட்டு அரசின் வாக்கு. அந்த வாக்கை அவர்கள் மாற்றினால் அங்கே குடியிருப்பவனுக்கு வங்கி வாசலில் நிற்கவாவது ஒரு வரிசை கிடைக்கும். தண்டையார்பேட்டையில் பீரோவைத் திறந்து பார்ப்பவருக்கு அதுவும் கிடைக்காது. வட்டியும் இல்லாமல், செல்லுபடிக்கும் பிறர் கையை எதிர்பார்த்து ஒரு குடும்பத்தின் ஏழாயிரம் ரூபாய் ஏன் தூங்க வேண்டும்? மகள் செல்வி, மாற்றிவிடம்மா.

கொருக்குப்பேட்டை குமரன்:

ஐயா எழுதியதைப் படித்தபின் என் வீட்டுக் கதையையும் சொல்லத் தோன்றுகிறது. அண்ணன் லண்டனில் படித்துவிட்டு வந்தபோது 20 பவுண்டு காகித நோட்டுகள் சிலவற்றைப் பெட்டியிலேயே விட்டுவிட்டார். அந்தக் காகித நோட்டு 2022 செப்டம்பர் 30ஆம் தேதியோடு செல்லாமல் போனது. இப்போது அங்கே பிளாஸ்டிக் நோட்டு மட்டும். சென்னையில் எந்தக் கடையும் பழையதைத் தொடவில்லை. நல்லவேளை, பேங்க் ஆஃப் இங்கிலாந்து தான் வெளியிட்ட பழைய நோட்டுகளை எப்போது கொண்டுபோனாலும் மாற்றித் தரும். அங்கே இருக்கும் நண்பர் ஒருவர் உதவினார். எல்லா நாடும் அப்படி இல்லை. மலேசியாவின் 500, 1,000 ரிங்கிட் நோட்டுகள் 1999 ஜூலை முதல் செல்லாது. பழைய பெட்டிகளில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள்.

பெரம்பூர்வாசி:

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு முன் என் வாதம் சிறிது. ஆனாலும் அடுத்த வருடம் நிச்சயம் போகப் போகிறவர்கள், மகனோ மகளோ அங்கே வேலை பார்ப்பவர்கள் வைத்துக்கொள்வதில் தவறில்லை என்ற கருத்தில் நான் நிற்கிறேன். விற்கும்போது ஒரு விலை, மறுபடி வாங்கும்போது ஒரு விலை என்று இரண்டு பக்கமும் இழப்பு அல்லவா?

பாரிமுனைக்காரன்:

அது முற்றிலும் சரி அண்ணா. பயண நாள் கையில் இருந்தால் வைத்திருங்கள். பெரிய தொகை மிஞ்சியவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது: வங்கியில் உள்நாட்டவருக்கான அன்னியச் செலாவணிக் கணக்கு தொடங்கி, டாலரை டாலராகவே போட்டு வைக்கலாம். வட்டி கிடையாது. எழுபது எண்பது டாலருக்கு அது வேண்டாத அலைச்சல். இலங்கை ரூபாயை மட்டும் யாரும் தேக்கி வைக்காதீர்கள். 2022இன் தொடக்கத்தில் அமெரிக்க டாலருக்கு 200 அளவில் இருந்தது, சில மாதங்களில் 360க்குப் போய்விட்டது. அந்த ஆண்டு எங்கள் கவுன்டரில் நின்றவர்களின் முகம் மறக்காது.

ராயபுரம் ஆசிரியை:

விலைபோகாத சில்லறையை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். செல்வி, அந்தச் சுருக்குப்பையை மேசையில் கொட்டி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். சிங்கப்பூர் நாணயத்தின் சின்னம் உள்ள பக்கத்தில் நாட்டின் பெயர் நான்கு மொழிகளில் வளைந்து ஓடும். அவற்றில் ஒன்று தமிழ்: "சிங்கப்பூர்". 2013இல் வந்த வரிசை என்றால் மறுபக்கம் 5 காசில் எஸ்பிளனேடு அரங்கம், 10 காசில் அடுக்குமாடிக் குடியிருப்பு, 20 காசில் சாங்கி விமான நிலையம், 50 காசில் துறைமுகம், 1 டாலரில் சிங்கத்தலை மீன் இருக்கும்.

எங்கள் பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு அப்பா துறைமுகத்தில் சுமை ஏற்றுபவர், அல்லது கன்டெய்னர் லாரி ஓட்டுபவர், அல்லது மீன்பிடிப் படகில் போகிறவர். உறவினர் ஒருவர் கொடுத்த 50 காசு நாணயத்தை வகுப்பில் கைமாற்றினேன். வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதில் எங்கள் அப்பா வேலை செய்யும் இடம் போட்டிருக்கிறார்கள்" என்றான். தன் தந்தையின் தொழிலை ஒரு நாடு நாணயத்தில் பொறித்து வைத்திருக்கிறது என்ற எண்ணத்தோடு அவன் அன்று முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். அந்தப் பாடத்தை எந்தப் புத்தகத்தாலும் நான் நடத்தியிருக்க முடியாது.

இலங்கை நாணயத்திலும் நோட்டிலும் தமிழ் உண்டு. மொரீஷியஸ் நோட்டிலும் உண்டு. உங்கள் 50 டாலர் நோட்டின் பின்பக்கத்தில் வாத்தியங்களுக்கு நடுவே வீணை இருக்கும். மாற்றுவதற்கு முன் பிள்ளைகளிடம் காட்டிவிடுங்கள். சில்லறையை உங்கள் வீட்டுப் பிள்ளைகள் விரும்பினால் அவர்களுக்கு. வேண்டாம் என்றால் பக்கத்துப் பள்ளிக்குக் கொடுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாணயக் கூடம் இருக்கிறது. அங்கே பிள்ளைகளை அழைத்துப் போகும் முன் கையில் தொட்டுப் பார்க்க இவை இருந்தால் அவர்கள் கேட்கும் கேள்விகளே வேறாக இருக்கும்.

திருவொற்றியூர் கயல்:

நான் கோயில் உண்டியலில் போட்டுவிடலாம் என்று சொல்ல வந்தேன்.

ராயபுரம் ஆசிரியை:

கயல், நோட்டை மாற்றி ரூபாயாகப் போடுங்கள். நம்மால் மாற்ற முடியாத சில்லறையைக் கோயில்காரர்கள் மட்டும் எங்கே மாற்றுவார்கள்? எண்ணிப் பிரிக்கும் வேலைதான் அவர்களுக்கு மிஞ்சும். கடவுளுக்குக் கொடுப்பது பயன்படும் காசாக இருக்கட்டும். விமானத்திலேயே கொடுக்க விரும்புகிறவர்களுக்கு யூனிசெப் அமைப்பு 1987இல் தொடங்கிய திட்டம் ஒன்று இருக்கிறது. சேர்ந்திருக்கும் விமான நிறுவனங்களில் பணிப்பெண்கள் ஓர் உறை கொண்டுவருவார்கள்; எந்த நாட்டுச் சில்லறையும் போடலாம், குழந்தைகளுக்குப் போகும்.

காசிமேடு கப்பலோடி:

அடுத்துப் போகிறவர்களுக்கு ஒன்று. கடைசி நாள் காலையில் பையில் உள்ள சில்லறையை எண்ணுங்கள். சாமான் கடையில் தானே பில் போடும் இயந்திரங்கள் பல நாடுகளில் சில்லறையை விழுங்கும். இருக்கும் ரொக்கம் முழுவதையும் முதலில் கொடுத்துவிட்டு மீதியைக் கார்டில் தேய்க்கச் சொன்னால் பெரும்பாலான கடைகளில், விடுதிகளில் ஒப்புக்கொள்வார்கள். சிங்கப்பூரில் மிஞ்சிய ரிங்கிட்டை அங்கேயே செரங்கூன் சாலைப் பக்கத்துக் கவுன்டர்களில் டாலராக மாற்றியிருந்தால் சென்னையில் ஒரே பணமாக வந்திருக்கும். பக்கத்து நாட்டுப் பணத்துக்கு அங்கே வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி குறைவு. புருணை டாலர் கையில் இருந்தால் சிங்கப்பூரில் ஒன்றுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்வார்கள். 1967 முதல் அந்த ஒப்பந்தம் இருக்கிறது. இலங்கை, மொரீஷியஸ் போகிறவர்கள் 2024 பிப்ரவரி முதல் அங்கே பல கடைகளில் நம் யுபிஐயிலேயே பணம் கட்டலாம். ரொக்கமாக மாற்றிக் கொண்டுபோவதையே குறைத்துக்கொள்ளுங்கள்.

தண்டையார்பேட்டை செல்வி:

ஐயா, அக்கா, தம்பி, சகோதரர்கள் எல்லோருக்கும் நன்றி. பெரியவர் எழுதியதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். தன் அத்தை வீடும் பர்மாவிலிருந்து வந்ததுதான் என்று அப்போதுதான் சொன்னார். பீரோ பேச்சை அவரே விட்டுவிட்டார். கணவரும் பில் உள்ள இடத்துக்கே போகலாம் என்றார். நாளை மெட்ரோவில் மண்ணடி இறங்கி இரண்டு மூன்று கடைகளில் கேட்டு, எல்லா நோட்டையும் ஒரே தடவையில் மாற்றப் போகிறோம். சிங்கப்பூர்ச் சில்லறையில் வகைக்கு ஒன்று பிள்ளைகளுக்கு. மிச்சம் ஆசிரியை அக்காவின் வகுப்புக்கு. எங்கே கொண்டுவந்து தர வேண்டும் என்று தனிச் செய்தியில் சொல்லுங்கள் அக்கா.

எண்ணூர் இளவல்:

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னியுங்கள். என்னிடம் ரொக்கம் இல்லை. வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொண்டு போகும் ஃபாரெக்ஸ் கார்டில் கொஞ்சம் யூரோ மிஞ்சியிருக்கிறது, கார்டின் காலமும் முடிந்துவிட்டது. பணம் போனது போனதுதானா?

பாரிமுனைக்காரன்:

போகவில்லை தம்பி. கார்டுக்குத்தான் காலாவதி, உள்ளே இருக்கும் பணம் உங்களுடையது. கார்டு கொடுத்த வங்கிக்கோ நிறுவனத்துக்கோ கார்டு, பாஸ்போர்ட், பான் அட்டை நகலோடு எழுதிக் கொடுங்கள். அன்றைய விலைக்கு ரூபாயாக்கி உங்கள் கணக்கில் போடுவார்கள். கேட்காமல் விட்டால் சில கார்டுகளில் பயன்படுத்தாததற்கான கட்டணம் என்று மாதா மாதம் கழித்துக்கொண்டே வருவார்கள். அதனால் தள்ளிப்போடாமல் இந்த வாரமே போங்கள்.